டிஜிட்டல் ஓவியம் கைவர எத்தனை மணி நேரம் ஆகும்?

கணினியில் படம் வரைய உதவும் பேனா டேப்லெட் ஒன்றை வாங்கி, பெட்டியைப் பிரித்து, கணினியில் இணைத்து முதல் கோடு போடும்போது அந்தக் கோடு நடுங்கிக்கொண்டு வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: இது கைவர எவ்வளவு காலம் ஆகும்? விசாரித்தால் இரண்டு வகைப் பதில்கள் கிடைக்கும். ஒன்று, ‘30 நாளில் கற்றுத்தருகிறோம்’ என்னும் விளம்பரம். இன்னொன்று, எதில் தேர்ச்சி பெறவும் 10,000 மணி நேரம் வேண்டும் என்று யாரோ சொல்லி யாரோ கேட்ட விதி. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 10,000 மணி நேரம் சேர 27 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதல் பதிலை நம்பியவர் 31ஆம் நாள் ‘நமக்கு இது வராது’ என்று எடுத்து வைத்துவிடுகிறார். இரண்டாவதை நம்பியவர் தொடங்குவதே இல்லை.

இரண்டும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு விஷயத்தைப் பற்றிப் பேசுகின்றன, ஆனால் எதைப் பற்றி என்று சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் டிஜிட்டல் ஓவியத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கொஞ்சம் பழக்கமானது அதுதான் என்பதால். முப்பரிமாண மாடலிங், வீடியோ எடிட்டிங், கணினியில் இசை கோர்ப்பது எல்லாவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

## ‘தெரியும்’ என்பதன் நீள அகலம்

உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டால், மூழ்காமல் மிதக்கத் தெரிந்தவரும் ‘தெரியும்’ என்பார், குளத்தின் மறுகரை வரை போய் வருபவரும் ‘தெரியும்’ என்பார், போட்டியில் நீந்துபவரும் அதையேதான் சொல்வார். முதலாமவருக்கு ஒரு வாரம் பிடித்திருக்கும். மூன்றாமவருக்குப் பாதி ஆயுள். சொல் ஒன்று, தூரம் வேறு.

கார் ஓட்டுவதில் இந்தக் குழப்பம் கிடையாது. உரிமம் வாங்கத் தேவையான அளவு எது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கோடு இருக்கிறது. படைப்புத் திறன்களில் அப்படி யாரும் கோடு போட்டுக் கொடுப்பதில்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டும், போட்ட கோட்டை நாமே நகர்த்திக்கொண்டும் இருப்போம்.

## 10,000 எங்கிருந்து வந்தது?

1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்கு பெர்லினில் இருந்த இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைத் தலா பத்துப் பேராக மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: மிகச் சிறந்தவர்கள், நன்றாக வாசிப்பவர்கள், இசை ஆசிரியராகப் போகிறவர்கள். சின்ன வயதிலிருந்து தனியாக உட்கார்ந்து எத்தனை மணி நேரம் சாதகம் செய்தீர்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். 18 வயதுக்குள் மிகச் சிறந்தவர்கள் சேர்த்திருந்த சராசரி 7,410 மணி நேரம். இரண்டாம் குழுவுக்கு 5,301, ஆசிரியர் குழுவுக்கு 3,420. அந்த முதல் குழுவின் சராசரி 20 வயதில் 10,000ஐத் தாண்டியது.

2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய ‘அவுட்லையர்ஸ்’ புத்தகம் இந்த எண்ணை உலகமெல்லாம் கொண்டுபோனது. 18 வயதில் கணக்கை நிறுத்தியிருந்தால் ‘7,410 மணி நேர விதி’ என்று அதற்குப் பெயர் வந்திருக்கும், ஒருவரும் சீண்டியிருக்க மாட்டார்கள். முழு எண்ணுக்கு இருக்கும் கவர்ச்சியே தனி.

எரிக்சன் பிற்பாடு பலமுறை விளக்கினார். அது சராசரி, எல்லைக்கோடு கிடையாது. அந்தச் சிறந்த குழுவிலேயே பலர் 20 வயதில் 10,000ஐ எட்டியிருக்கவில்லை. அதோடு அந்த வயதில் அவர்கள் நல்ல மாணவர்கள் மட்டுமே, வித்வான்கள் ஆகியிருக்கவில்லை. 2019இல் இதே ஆய்வை வேறு இருவர் புதிய வயலின் மாணவர்களை வைத்துத் திரும்பச் செய்தபோது, ‘நன்றாக வாசிப்பவர்’, ‘மிகச் சிறந்தவர்’ என்ற இரு குழுக்களுக்கும் மணிக்கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

வயலின் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கப்படும் கலை. எந்த வயதில் எதைச் சாதகம் செய்ய வேண்டும் என்ற பாடமுறை அதற்கு இருக்கிறது, பக்கத்தில் ஓர் ஆசிரியரும் இருப்பார். டேப்லெட்டோடு தனியாக அறையில் உட்கார்ந்திருப்பவரின் நிலைமை அப்படியா?

சுருக்கமாக: 10,000 என்பது ஒரு குறிப்பிட்ட துறையில், ஒரு குறிப்பிட்ட வயதில், மிகச் சிறந்த மாணவர்களின் சராசரி. ‘இத்தனை மணி நேரம் ஆனால் வந்துவிடும்’ என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

## கருவி, கை, கண்

டிஜிட்டல் ஓவியம் கற்கிறேன் என்று சொல்பவர் உண்மையில் மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் கற்கிறார். அந்த மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலாவது கருவி. புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் வாரம் விளக்குக்குப் பதில் மின்விசிறியைப் போடுவோம். ஒரு மாதம் கழித்து இருட்டில் கை தானாகச் சரியான சுவிட்சுக்குப் போகும். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்குகள்), பிரஷ், ஷார்ட்கட் எல்லாம் இப்படித்தான். போட்டோஷாப் போன்ற மென்பொருளில் கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒருவர் தினமும் தொடுவது இருபது முப்பதைத்தான். மூன்றிலும் வேகமாக வருவது இதுதான். ‘30 நாளில்’ என்ற விளம்பரம் உண்மையாக இருக்கக்கூடிய ஒரே இடமும் இதுதான்.

வேகமாக வருவது வேகமாகப் பழசும் ஆகும். 2019 ஜூலையில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் 2.80 பதிப்பு வந்தபோது திரையின் அமைப்பே மாறிப்போனது. அதுவரை வலது கிளிக்கில் தேர்ந்தெடுத்தவர்கள் இனி இடது கிளிக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இயல்பான அமைப்பானது. பல ஆண்டுகள் பழகிய கைகளும் தடுமாறத்தான் செய்தன. ஆனால் ஓர் உருவத்தை எப்படிக் கட்டுவது என்று அவர்கள் கற்றிருந்ததில் ஒரு துளியும் போகவில்லை. கருவியும் திறனும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது கை. திரையில்லாத டேப்லெட்டில் கை மேசையில் ஓடும், கண் திரையைப் பார்க்கும். இந்த இரண்டையும் மூளை சேர்த்துவைக்கச் சில வாரங்களாவது பிடிக்கும். பால் பிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் உடல்திறன் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். அப்புறம் அசைவுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கின்றன, தவறுகள் குறைகின்றன. கடைசியில் யோசிக்காமலே வருகிறது. சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் இந்த மூன்றும் பரிச்சயம். கோடு போடுவதும் அதே வழியில்தான் போகிறது, மாதக்கணக்கில்.

மூன்றாவது கண். காலம் கரைவது இங்கேதான்.

## கண் எப்படிக் கற்கிறது?

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்கத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நடுவில் நிறுத்திய ஓர் ஆட்டத்தின் பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். புதியவரால் நாலைந்து காய்களைத்தான் சரியாக வைக்க முடிந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலானவற்றை வைத்துவிட்டார். சரி, அவருக்கு நினைவாற்றல் அதிகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காய்களைத் தாறுமாறாக இறைத்துவைத்த பலகையைக் காட்டியபோது அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

தேர்ந்தவர் ஒவ்வொரு காயாகப் பார்க்கவில்லை. ‘இந்த நான்கும் ராஜாவைக் காக்கும் அமைப்பு’ என்று ஒரு தொகுதியாகப் பார்த்தார். பல சிறு துண்டுகளை மனம் ஒரே அலகாகக் கட்டிவைப்பதைக் கொத்து என்று அழைக்கலாம். இதை நாமும் தினமும் செய்கிறோம். இந்த வரியில் ‘தினமும்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டியா படித்தீர்கள்? முதல் வகுப்புக் குழந்தை அப்படித்தான் படிக்கும். நமக்கு அது ஒரே பார்வை.

முகம் வரையும் புதியவர் கண், மூக்கு, உதடு என்று தனித்தனியாகப் பார்த்து ஒவ்வொன்றாக வரைவார். ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கும், முகம் மட்டும் கோணலாக இருக்கும். அனுபவம் உள்ளவர் முதலில் பார்ப்பது தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நிழல் எல்லாம் சேர்ந்து என்ன வடிவம் என்பதைத்தான். அவர் பார்வையில் பத்துத் துண்டுகள் ஒரு கொத்து. அதனால் அவருடைய கவனத்தில் மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சத்தில்தான் ‘இந்தப் படம் என்ன சொல்ல வேண்டும்’ என்று யோசிக்கிறார். புதியவரின் கவனம் முழுவதும் மூக்கிலேயே செலவாகிவிடுகிறது.

சித்திரமும் கைப்பழக்கம் என்று பழமொழி சொல்கிறது. மறுக்கவில்லை, ஆனால் அதில் கண்ணை விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஒரு குறை உண்டு. கை நடுங்காமல் கோடு போடத் தெரிந்தும் படம் சப்பென்று இருப்பவர்களை நிறையப் பார்க்கலாம். டிஜிட்டலில் இது இன்னும் கண்கூடு, ஏனென்றால் கோட்டின் நடுக்கத்தை மென்பொருளே நேர்செய்து கொடுத்துவிடுகிறது. எங்கே கோடு போட வேண்டும் என்று அது சொல்லித்தராது.

இதுவரை வந்ததைத் திரும்பிப் பார்த்தால்: கருவிக்கு வாரங்கள், கைக்கு மாதங்கள், கண்ணுக்கு ஆண்டுகள். கண் தேர்வது என்றால் கொத்துகள் சேர்வது.

## எல்லா மணி நேரமும் ஒரே எடை இல்லை

இருபது ஆண்டுகளாகத் தினமும் தட்டச்சு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேகம் முதல் சில ஆண்டுகளில் நின்ற இடத்திலேயே நிற்கும். போதுமான அளவு வந்ததும் மனம் அதைத் தானியங்கியாக விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது. மணிக்கணக்கு ஏறிக்கொண்டே போகும், திறன் ஏறாது.

எரிக்சன் எண்ணியது இந்த மாதிரி மணி நேரங்களை அல்ல. அவர் எண்ணியது திட்டமிட்ட பயிற்சியை. இப்போது எட்டாத ஒரு குறிப்பிட்ட விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் செய்து பார்த்து, எங்கே தவறியது என்று உடனே தெரிந்துகொண்டு, திருத்தி மறுபடி செய்வது. இதில் பின்னூட்டம் இல்லையென்றால் எதுவுமே இல்லை. பின்னூட்டம் என்றால் செய்தது சரியா தவறா என்று திரும்பி வரும் செய்தி. கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு விடுகிறவர் ஆயிரம் அம்பு விட்டாலும் குறி தேறாது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் ஆண்டு நான் வரைந்த முகங்கள் எல்லாம் இடது பக்கம் முக்கால்வாசி திரும்பியவை. அது எனக்கு வசதி. கைவிரல் வரையத் தெரியாததால் என் மனிதர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள், பார்ப்பவர்களுக்கு ஏதோ விசாரணைக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கும். மணிக்கணக்கு பார்த்தால் குறைவில்லை. ஆனால் ஓராண்டு அனுபவம் என்று சொல்ல முடியாது, ஒரு மாத அனுபவத்தைப் பன்னிரண்டு தடவை செய்திருந்தேன்.

டுடோரியல் பார்ப்பதிலும் இதே பொறி இருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி அப்படியே செய்தால் முடிவில் அழகான படம் கிடைக்கும். எந்த நிறம், எந்த பிரஷ், எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் எல்லாம் வீடியோக்காரர் எடுத்தவை. நாம் செய்தது வழிகாட்டும் குரலைக் கேட்டு வண்டி ஓட்டியதுதான், வழி மனதில் பதியாது. வெற்றுத் திரை முன்னால் தனியாக உட்கார்ந்ததும் அது தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் வீடியோவை மூடிவிட்டு, வேறொரு பொருளை அதே முறையில் வரைந்து பார்ப்பதுதான் கணக்கில் சேரும்.

கடைசியாகச் செய்ததை ஒரே சொடுக்கில் அழிக்கும் அன்டூ வசதியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பயமில்லாமல் முயன்று பார்க்க அது பெரிய துணை. ஆனால் ஒரே கோட்டை முப்பது முறை அழித்து அழித்துப் போட்டால், கடைசியில் ஒன்று தற்செயலாக அமைந்துவிடும். ஏன் அமைந்தது என்று தெரியாது. முதல் இருபத்தொன்பதும் ஏன் அமையவில்லை என்பதும் தெரியாது, அவை திரையில் இல்லை. பயிற்சிக்கு மட்டும் என்று ஒரு பத்து நிமிடம் அன்டூ இல்லாமல் வரைந்து பாருங்கள். எரிச்சலாக இருக்கும், தவறுகள் கண்முன் நிற்கும்.

இன்னொரு பக்கம், காகிதம் தராத பின்னூட்டத்தைக் கணினி தருகிறது. படத்தை ஒரே சொடுக்கில் இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். பழகிப்போன கண் கவனிக்காத கோணல் எல்லாம் பளிச்சென்று தெரியும். பார்த்து வரைந்த புகைப்படத்தைப் பாதி ஒளிபுகும்படி செய்து, முடித்த படத்தின் மேல் வைத்தால், எத்தனை நூலிழை தவறியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினால் நிறத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த வெளிச்சப் பிழைகள் வெளியே வரும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதவருக்கு இந்த மூன்றும் ஓரளவு ஆசிரியர் வேலையைச் செய்யும். செய்து பார்த்தால் முதலில் கொஞ்சம் அவமானமாக இருக்கும், அவ்வளவுதான்.

## ஞாயிறு ஏழு மணி நேரமா, தினம் ஒரு மணி நேரமா?

1978இல் ஆலன் பேட்லியும் லாங்மனும் பிரிட்டனின் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிப்பதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்குத் தினம் ஒரு மணி நேரம், சிலருக்கு நான்கு மணி நேரம் வரை. தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள்தான் மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றார்கள். சுவாரசியம் அடுத்து வருகிறது: அந்தக் குழுவினர்தான் தங்கள் பயிற்சித் திட்டம் குறித்து மற்றவர்களைவிட அதிருப்தியாகவும் இருந்தார்கள். நாள் கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திப் போவது தெரியுமல்லவா?

ஓவியத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2008இல் நேட் கார்னெல், ராபர்ட் பியோர்க் இருவரும் பன்னிரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி அவர்களின் பாணியை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவரின் படங்களை எல்லாம் வரிசையாகக் காட்டியதைவிட, பலருடையதைக் கலந்து காட்டியபோதுதான் புதிய படங்களை நன்றாக அடையாளம் கண்டார்கள். கற்றவர்களில் பெரும்பாலானோரோ வரிசையாகப் பார்த்ததுதான் உதவியது என்று உறுதியாக நம்பினார்கள்.

கற்கிறோம் என்ற உணர்வும் கற்பதும் ஒன்றாக நடப்பதில்லை என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. சுலபமாகப் போன நாளில் குறைவாகவும், முட்டி மோதிய நாளில் அதிகமாகவும் கற்றிருக்கலாம்.

## நடுவில் நின்றுபோகும் காலம்

தொடக்கத்தில் வாரத்துக்கு வாரம் வித்தியாசம் தெரியும். போகப் போக அதே அளவு முன்னேற்றத்துக்குப் பல மடங்கு நேரம் தேவைப்படும். நேரத்தையும் திறனையும் வைத்து வரையும் இந்தக் கோட்டுக்குக் கற்றல் வளைவு என்று பெயர்: முதலில் செங்குத்து, பிறகு மெதுவான ஏற்றம். அது தட்டையாகிவிட்டது போலத் தெரிந்தாலும் ஏற்றம் நிற்காமல் இருக்கலாம். 1959இல் குரோஸ்மன் என்பவர் சுருட்டு செய்யும் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளர்களை ஆராய்ந்தார். சுமார் இரண்டு ஆண்டுகள் வரை அவர்களின் வேகம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் தடுத்தது இயந்திரத்தின் வேக வரம்புதான்.

சில சமயம் நிஜமாகவே நிற்கும். 1890களின் இறுதியில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி அலுவலகங்களில் மோர்ஸ் செய்தியைக் கேட்டு எழுதக் கற்றவர்களைக் கவனித்தார்கள். புள்ளியும் கோடும் மட்டும் உள்ள சங்கேதம். ஒருவகையில் அதுவும் டிஜிட்டல் திறன்தான். வேகம் ஏறும், பிறகு வாரக்கணக்கில் அசையாது, பிறகு மறுபடி ஏறும். இடையில் வரும் அந்தச் சமதளத்தைத் தேக்கநிலை எனலாம். அந்தத் தேக்கத்தின்போது, எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் விளக்கினார்கள். மேலே சொன்ன கொத்துகள் நினைவிருக்கிறதா? அதேதான்.

எல்லாத் தேக்கத்துக்கும் அடியில் கொத்துகள் உருவாகிக்கொண்டிருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. கையைப் பின்னால் கட்டிய என் மனிதர்களும் தேக்கத்தின் அறிகுறிதான். அதற்கு மருந்து கைவிரல் வரைவது.

## பிறவித் திறமை?

இருக்கிறது. 2014இல் மக்நமாரா என்ற உளவியலாளரும் வேறு இருவரும் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் திறனில் தெரியும் வித்தியாசத்தில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்கக்கூடியது இசையில் 21 சதவீதம், சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம் என்று வந்தது. மீதியில் பிறவிக் கூறுகள், தொடங்கிய வயது, சூழல் என்று பலதும் இருக்கலாம்.

இந்தச் சதவீதத்தைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ‘திறனில் 21 சதவீதம்தான் பயிற்சி தருகிறது’ என்று பொருள் கிடையாது. பலரை ஒப்பிடும்போது அவர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிய கணக்கு அது. உங்களை நேற்றைய உங்களோடு ஒப்பிட அது உதவாது.

## அப்படியானால் எனக்கு எவ்வளவு?

ஓர் எண்ணும் சொல்லாமல் நழுவினால் கோபம் வரும் என்று தெரியும். ஆகவே என் கணிப்பைச் சொல்கிறேன். ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினம் ஒரு மணி நேரம், அதில் பாதியாவது திட்டமிட்ட பயிற்சி என்று வைத்துக்கொண்டால், மென்பொருள் தடங்கலாக இல்லாமல் போக ஒன்றிரண்டு மாதம். நினைத்த இடத்தில் கோடு விழ ஆறு மாதம். கூசாமல் பிறருக்குக் காட்டக்கூடிய படம் ஒன்றிரண்டு ஆண்டுகளில். கேட்டதைக் கேட்டபடி வரைந்து சம்பாதிக்கும் நிலைக்கு இன்னும் சில ஆண்டுகள். ஏற்கெனவே காகிதத்தில் வரைந்தவருக்குக் கண் தயாராக இருக்கும், கருவியும் கையும்தான் அவருக்கு வேலை. மூன்று வேலைகளையும் பிரித்துப் பார்ப்பதில் கிடைக்கும் லாபம் இதுதான்.

மணிக்கணக்கு எழுதுவதைவிடப் பழைய கோப்புகளை அழிக்காமல் தேதி போட்டு வைப்பது நல்ல அளவுகோல். அன்று வரைந்ததையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரைந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் முதல் ஆண்டுக் கோப்பு ஒன்றைச் சமீபத்தில் திறந்தேன். 140 லேயர், ஒன்றுக்கும் பெயர் இல்லை. நடுவில் ஒருவர் இடது பக்கம் முக்கால்வாசி திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு விரல் வரைய முக்கால் மணி நேரம் ஆனது. கட்டைவிரல் இப்போதும் சரியாக வரவில்லை.